சர்ருன்னு பிச்சா வலிக்காதாமே? யார் சொன்னது?

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதற பதிவு. ரெண்டு நாள் ஆறப்போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், அப்பவும் ஆறலை. அதனால நடுவுல எங்கயாவது குரல் உசந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஆயாவுக்கு 84 வயசு. பட்டினப்பாக்கத்துல கடல்காத்து நேரா வீட்டுக்குள்ள வர்ற மாதிரி ஒரு ஜன்னல், அதுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி, அதுல ஆயா. இதுதான் எங்க வீட்டோட நிரந்தரக் காட்சி. போன மாசம் பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் முன்னங்கையில உரசி ஒரு அங்குல நீளத்துக்குத் தோல் கிழிஞ்சுது. பெரிய ரத்தம்கூட இல்லை. பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். பஞ்சு, காஸ் துணி, அதுக்கு மேல நாலு பட்டை பிளாஸ்திரி. "ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கே ஆள் அனுப்பறோம், டிரஸ்ஸிங் மாத்திடுவாங்க" என்றார்கள். சந்தோஷம்.

ஆள் வந்தாங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. அன்னிக்கு அது எட்டாவது வீடோ ஒன்பதாவது வீடோ. "பாட்டி, கண்ணை மூடிக்கோங்க. ஒரே செகண்டுதான்." என்னைப் பார்த்து, "சார், கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க." நானும் பிடிச்சுக்கிட்டேன்.

சர்ர்ர்...

பிளாஸ்திரி வந்துச்சு. கூடவே தோலும் வந்துச்சு. தக்காளியை வெந்நீர்ல போட்டு உரிச்சா எப்படி வரும்? அப்படி. தாழ்ப்பாள் கிழிச்சது ஒரு அங்குலம். பிளாஸ்திரி கிழிச்சது, ஸ்கேல் வெச்சு அளந்தேன், மூணு அங்குலம். அதாவது காயத்துக்குப் போட்ட மருந்துக்கட்டு, காயத்தைவிட மூணு மடங்கு பெரிய காயத்தைக் கொடுத்துட்டுப் போச்சு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதுன்னு சொல்லுவாங்களே, அது எங்க ஆயா கையில நடந்துச்சு.

"என்னங்க இது?"ன்னு கேட்டேன். பதில்: "வயசான தோலு சார். அப்படித்தான் வரும்." சொல்லிட்டு, அந்தப் புதுக் காயத்து மேலயே இன்னும் ரெண்டு பட்டை பிளாஸ்திரியை இழுத்து ஒட்டிட்டாங்க.

ஆயா கத்தலை. கண்ணுல தண்ணி மட்டும். அப்புறம் அந்தப் பொண்ணைப் பார்த்து, "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ, என் தோலு அப்படி" அப்படின்னு மன்னிப்புக் கேட்கற மாதிரி சொன்னுச்சு பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தோல் உரிஞ்சதும் ஆயாவுக்கு, மன்னிப்புக் கேட்கறதும் ஆயா!

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தப் பொண்ணு மேலயோ அந்த கிளினிக் மேலயோ பஞ்சாயத்து வைக்கறது என் நோக்கம் இல்லை. கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டது நானும்தானே? என் சண்டை எல்லாம் நம்ம எல்லார் வாயிலயும் சர்வசாதாரணமா வர்ற ரெண்டு வாக்கியத்தோட.

ஒண்ணு: "வயசானா அப்படித்தான்."
ரெண்டு: "சட்டுன்னு பிச்சுட்டா வலிக்காது."

முதல் வாக்கியத்தை எடுத்துக்குவோம். இதுல பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதியை வெச்சுத்தான் மீதிப் பொய்யை ஓட்டறோம். தோல் ரெண்டு அடுக்கு: மேல்தோல், உள்தோல். சின்ன வயசுல இந்த ரெண்டும் சேர்ற இடம் மேடும் பள்ளமுமா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு கைவிரல்களையும் கோத்துக்கிட்டு இழுத்துப் பாருங்க, வராது. வயசாக ஆக அந்த மேடு பள்ளம் தட்டையாகிடுது. இப்ப ரெண்டு உள்ளங்கையைச் சும்மா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுட்டு நகர்த்துங்க, வழுக்கிட்டுப் போகுதா? அவ்வளவுதான். மேல் அடுக்கு பக்கவாட்டுல இழுபட்டா கழண்டுக்கும். இது போதாதுன்னு எண்ணெய்ப் பசை குறையுது, தோலுக்கடியில் இருக்கற கொழுப்பு குறையுது, ரத்தக் குழாய்கள் லேசாத் தட்டினாலே உடைஞ்சு ஊதாக் கலர்ல திட்டுத் திட்டா நிக்குது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வருஷக்கணக்கா ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்கு இன்னும் மோசம். வயசானவங்க மட்டும் இல்லை, குறைமாசக் குழந்தைகளோட தோலும் இப்படித்தான், லேசா இழுத்தாலே வந்துடும்.

ஆக, தோல் மெலிசு. ஒத்துக்கறேன். ஆனா மெலிசான பொருளை மெதுவா எடுக்கணும்கறதுதானே நியாயமான முடிவு? அப்பளக் கட்டை எப்படித் தூக்கறோம், அரிசி மூட்டையை எப்படித் தூக்கறோம்? "அப்பளம் சார், அப்படித்தான் உடையும்"னு மளிகைக்கடை அண்ணாச்சி சொன்னா காசு கொடுப்பீங்களா? உடையும்னு தெரிஞ்சவன்தான் கூடுதலா ஜாக்கிரதையா இருக்கணும். நாம தலைகீழா வெச்சிருக்கோம்: உடையும்னு தெரிஞ்சுட்டதால உடைக்கலாம்!

இதுக்கு மருத்துவத்துல தனியாப் பேரே இருக்குங்க. ஒட்டுநாடாவால் வரும் தோல் காயம். 2012ல் அமெரிக்காவுல இதுக்குன்னே நிபுணர்கள் கூடிப் பேசி, அடுத்த வருஷம் அறிக்கை வெளியிட்டாங்க. டேப்பை எடுத்த பிறகு சிவப்போ வேற பாதிப்போ அரைமணி நேரத்துக்கு மேல நின்னா, அது காயம்னு கணக்கு. தோல் கிழிசலுக்கும் மூணு வகை வெச்சிருக்காங்க. கிழிஞ்ச தோலை முழுசா திரும்பப் பொருத்த முடிஞ்சா முதல் வகை. கொஞ்சம் போயிருந்தா ரெண்டாவது. மொத்தமாப் போயிருந்தா மூணாவது. எங்க ஆயா முதல் வகையோட வீட்டுக்கு வந்து, நாங்க எல்லாரும் சேர்ந்து மூணாவது வகைக்குப் பிரமோஷன் கொடுத்தோம்.

பேரு வெச்சு, வகை பிரிச்சு, தடுக்கற வழியும் எழுதி வெச்ச ஒரு விஷயத்தை எப்படிங்க "அப்படித்தான்"னு சொல்ல முடியும்? என் வேலையில புரோகிராம்ல ஏற்கெனவே கண்டுபிடிச்சு, தீர்வும் எழுதி வெச்ச ஒரு பிழை திரும்ப வந்தா, "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் சார்"னு கிளையண்ட்கிட்ட சொல்ல முடியுமா? அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க.

ரெண்டாவது வாக்கியம். இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. "சட்டுன்னு பிச்சா வலி கம்மி" அப்படிங்கறதை நிஜமாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துல, 65 மருத்துவ மாணவர்களை வெச்சு. முடிவு 2009ல் வெளிவந்துச்சு. வேகமா எடுத்தப்போ வலி பத்துக்கு 0.92, மெதுவா எடுத்தப்போ 1.58. ஆக, வேகம்தான் ஜெயிச்சுது!

ஆனா யாரை வெச்சு சோதிச்சாங்கன்னு பாருங்க. ஆரோக்கியமான காலேஜ் பசங்க. காயமே இல்லாத தோல். அளந்தது வலியை மட்டும். அவங்க தோல் கூடவே வரப்போறதில்லை. அந்தப் பையன் கையில சரியா இருந்ததை 84 வயசு ஆயா கையில செய்யறது இருக்கே, எங்க பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓடிச்சுன்னு நம்பி நேரா பேங்க் சர்வர்ல ஏத்தற மாதிரி. விளைவும் அதே மாதிரிதான் இருக்கும்.

இது போதாதுன்னு நம்ம ஊர் விசேஷம் ஒண்ணு. பட்டினப்பாக்கத்துல சித்திரை வைகாசியில இருந்து பாருங்க. உப்புக்காத்து, வியர்வை, கசகசப்பு. டேப் நிக்காது, ஓரம் தூக்கிக்கும். உடனே என்ன பண்றோம்? இன்னும் ரெண்டு பட்டை. இன்னும் கெட்டியா ஒட்டற பிராண்ட். நல்லா இழுத்து ஒட்டு. இழுத்து ஒட்டின டேப் சுருங்கப் பார்க்கும், கூடவே தோலையும் இழுக்கும், அந்த ஓரத்துலயே கொப்புளம் வரும். அடியில வியர்வையில ஊறின தோல் இன்னும் மிருதுவாகி, பிடுங்கறப்போ இன்னும் சுலபமா வரும். நாமளே பொறி வெச்சு நாமளே மாட்டிக்கறோம்.

அடுத்து அந்தக் காஸ் துணி. காயத்து மேல காய்ஞ்ச துணியை நேரா வெச்சா, கசியற நீர் காய்ஞ்சு துணியோட ஒட்டிக்கும். புதுசா வளர்ற சதை துணியோட கண்ணுக்குள்ள நுழைஞ்சு வளரும். பிரிக்கறப்போ ரத்தம் வருதே, அது பழைய காயத்தோட ரத்தம் இல்லைங்க, ரெண்டு நாளா உடம்பு கஷ்டப்பட்டுக் கட்டின புதுத் தோலோட ரத்தம். "காத்தாட விடு, காய்ஞ்சாத்தான் ஆறும்" அப்படிங்கற நம்பிக்கையை 1962லேயே ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்றிகளை வெச்சுச் சோதிச்சு உடைச்சுட்டார். ஈரப்பதத்தோட மூடி வெச்ச காயத்துல புதுத்தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மூடுச்சு. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சேதி இன்னும் எங்க தெருவுக்கு வந்து சேரலை.

இப்ப எதிர்க்கேள்வி வரும். "தம்பி, நீ சொல்றதெல்லாம் பணக்கார நாட்டு சமாச்சாரம். சிலிகோன் டேப்பு, சிலிகோன் பேடுன்னு போனா கட்டுப்படி ஆகுமா?" நியாயமான கேள்விதான். சிலிகோன் ஒட்டு தோலை இழுக்காம வருங்கறது உண்மை, விலை அதிகம்ங்கறதும் உண்மை. ஆனா ஒட்டாத மருந்துக்கட்டு பணக்காரங்க சொத்துன்னு யார் சொன்னா? வாசலின் மாதிரி பாரஃபின் தடவின வலைத்துணி முதல் உலகப் போர் காலத்துலேயே வந்தாச்சு. இன்னிக்கு மெடிக்கல் ஷாப்ல "பாரஃபின் காஸ்"னு கேட்டாலே கிடைக்கும். மும்பையில டாக்டர் கேஸ்வானி 1980கள்ல வேகவெச்ச உருளைக்கிழங்குத் தோலை வெச்சுத் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டார். அதே மும்பையில இன்னும் ரெண்டு மருத்துவர்கள் வாழையிலையைத் துணியில ஒட்டி, கிருமி நீக்கி, தீக்காயத்துக்குக் கட்டி, 2003ல் அதை எழுதினாங்க. ஒட்டறதில்லை, பிரிக்கறப்போ வலிக்கறதில்லை, விலையும் சொற்பம். (உடனே கொல்லையில இருக்கற இலையை நறுக்கிக் காயத்துல வெச்சுடாதீங்க சாமி! அவங்க ஆஸ்பத்திரியில முறையா ஸ்டெரிலைஸ் பண்ணிச் செஞ்சது.) தினம் சாதம் சாப்பிடறோமே, வாழையிலையில சோறு ஒட்டாதுன்னு நமக்குத் தெரியாதா? பணம் இல்லாததால நடக்கலைங்கறதை நான் நம்பத் தயாரா இல்லை.

"நேரம் இல்லை சார். ஒரு நாளைக்குப் பத்து வீடு." இது உண்மையான கஷ்டம். அந்தப் பொண்ணோட கஷ்டம் எனக்குப் புரியுது. ஒரு வீட்டுக்கு இத்தனை நிமிஷம்னு அட்டவணை போடறவர் ஏசி ரூம்ல இருக்கார். ஆனா கணக்கைப் பாருங்க. நனைச்சு, காத்திருந்து, மெதுவா எடுக்க ஒரு பத்து நிமிஷம் கூடுதல். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிச்சதுல எங்க ஆயா காயம் ஆற அஞ்சு வாரம் ஆச்சு. அத்தனை வாரமும் டிரஸ்ஸிங், அத்தனைக்கும் ஆட்டோ, அம்மாவோட தூக்கம், ஆயாவோட வலி. யாருக்கு மிச்சம்?

எதிர்வீட்டுல மீன் விக்கற அக்கா ஒருத்தங்க ஆயாவைப் பார்க்க வந்தாங்க. கையைப் பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க: "வலையில மாட்டின நண்டை எடுக்கவே நாங்க இம்மாம் அவசரப்பட மாட்டோம் தம்பி. இழுத்தா காலும் போகும், வலையும் போகும்." நான் இத்தனை நேரம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது அவங்களுக்குத் தொழில்லயே தெரிஞ்சிருக்கு.

சரி, திட்டினது போதும். அப்புறம் எங்க வீட்டுல என்ன செஞ்சோம்னு சொல்றேன். ஒரு தோல் டாக்டர் சொல்லிக்கொடுத்தது:

1. பிரிக்கறதுக்கு முன்னாடி நனைக்கணும். நார்மல் சலைன் பாட்டில் சின்னதாவே கிடைக்குது. துணி நல்லா ஊறணும். அஞ்சு பத்து நிமிஷம் பேசிட்டு இருங்க. அப்பவும் வரலைன்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

2. டேப்பை மேல்நோக்கித் தூக்கக் கூடாது. ஒரு ஓரத்தை எடுத்து, தோலை ஒட்டியே மடிச்ச மாதிரி, முடி வளர்ற திசையில, மெதுவா. இன்னொரு கை விரல் அடியில இருக்கற தோலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போகணும். டேப்பைத் தோல்கிட்ட இருந்து இழுக்காம, தோலை டேப்புல இருந்து விடுவிக்கற மாதிரி. ஒட்டு ரொம்பப் பிடிவாதமா இருந்தா ஓரத்துல கொஞ்சம் தேங்காய் எண்ணெய், காயத்துல படாம.

3. கிழிஞ்ச தோல் மடிப்பு இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தா வெட்டி எறியாதீங்க. அதைவிட நல்ல மருந்துக்கட்டு உலகத்துல இல்லை. ஈரமான சுத்தத் துணியாலயோ கையுறை போட்ட விரலாலயோ மெல்ல உருட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவரணும்.

4. மேல ஒட்டாத துணி. அதுக்கு மேல காஸ். அதுக்கு மேல ரோலர் பேண்டேஜ், இறுக்காம. டேப் போட்டே ஆகணும்னா பேண்டேஜ் துணி மேல ஒட்டுங்க, தோல் மேல வேண்டாம். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலே எனக்குப் போதும்.

5. கட்டு மேல பால்பாயிண்ட் பேனாவால ஒரு அம்புக்குறி, எந்தப் பக்கத்துல இருந்து பிரிக்கணும்னு. தோல் மடிப்பு எந்தத் திசையில படிஞ்சிருக்கோ அந்தத் திசை. பக்கத்துல தேதி. அடுத்த தடவை யார் வந்தாலும் எதிர்த்திசையில இழுக்க மாட்டாங்க. நல்லா இருக்கற கட்டைத் தினமும் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கவும் வேண்டாம், டாக்டர் சொன்ன நாளுக்குப் பிரிச்சாப் போதும்.

6. காயம் வராமத் தடுக்க, காயம் இல்லாத இடத்துல தினம் ரெண்டு வேளை ஈரப்பதக் கிரீம். மேற்கு ஆஸ்திரேலியாவுல 14 முதியோர் இல்லங்கள்ல இதைச் சோதிச்சாங்க, 2014ல் வெளிவந்துச்சு. ரெண்டு வேளை தடவினவங்களுக்குத் தோல் கிழிசல் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருக்கு. வெறும் கிரீம்! அப்புறம், தூக்கறப்போ மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க மோதிரம், நகம், வாட்ச் எல்லாத்தையும் பாருங்க.

சீழ், நாத்தம், காய்ச்சல், சுத்தி சிவந்து சூடாகறது, தோல் மடிப்பு கறுக்கறது, ரத்தம் நிக்காதது, இதுல எது இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட போங்க. டெட்டனஸ் ஊசியைப் பத்தியும் கேளுங்க.

இப்ப எனக்கு நிஜமாவே வலிக்கற இடம். இது ஏதோ மருத்துவ வசதி எட்டிப்பார்க்காத ஊர்ல நடந்திருந்தா மனசை ஆத்திக்கலாம். இது சென்னைங்க! இந்தியாவுல முதியோர் மருத்துவம் பிறந்த ஊர். 1978ல் நம்ம சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலதான் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சார். 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலதான் நாட்டிலேயே முதல்ல முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்துச்சு. 2024 பிப்ரவரியில கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாச்சு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தர்றதும் உண்டு. பெருமையா இருக்கு, கேலியாச் சொல்லலை. ஆனா இத்தனை பெரிய அறிவு கிண்டியில இருந்து பட்டினப்பாக்கம் வர்ற கொஞ்ச தூரத்துல எங்கயோ இறங்கிடுது. 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல பத்துப் பேருக்கு ஒருத்தர் அறுபது தாண்டினவர். 2021க்குப் போட்ட கணிப்பு 13.6 சதவீதம். எல்லா வீட்டு ஜன்னலோரத்துலயும் ஒரு ஆயாவோ தாத்தாவோ உட்கார்ந்திருக்கப் போறாங்க.

அதனால நான் கேட்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. டிரஸ்ஸிங் போட்டு அனுப்பறப்போ, சீட்டுல "மெலிந்த தோல், டேப் ஒட்டாதீர்" அப்படின்னு ஒரு வரி. சர்க்கரை இருந்தா எழுதறீங்க, மருந்து அலர்ஜி இருந்தா எழுதறீங்க, இதையும் எழுதுங்க. வீட்டுக்கு ஆள் அனுப்பற நிறுவனங்கள் பையில ஒரு சலைன் பாட்டிலும் நாலு பாரஃபின் காஸும் வைக்கட்டும், வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலா அட்டவணையில போடட்டும். நாம, அதாவது பக்கத்துல கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற நாம, "கொஞ்சம் இருங்க, முதல்ல நனைச்சுக்கலாம்"னு வாயைத் திறந்து சொல்லணும். படிச்சவன், சம்பாதிக்கறவன், ஆபீஸ்ல கிளையண்ட்டையே கேள்வி கேக்கறவன், அன்னிக்கு என் வீட்டுக்குள்ள அந்த ஒரு வார்த்தை சொல்லாம நின்னேன். அது என் காயம். அதுக்குக் கட்டுப் போட வழியில்லை.

அந்தப் பொண்ணு அடுத்த முறை வந்தப்போ, எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். சண்டை போடலை. டாக்டர் சொன்னதைச் செஞ்சும் காட்டினேன். கவனமாக் கேட்டுட்டு, "இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை சார்" அப்படின்னுச்சு. நம்பறேன். அன்னிக்கு நனைச்சு, காத்திருந்து, மெதுவா எடுத்துச்சு. ரத்தம் ஒரு பொட்டு இல்லை. ஆயா கண்ணை இறுக மூடிக்கிட்டே, "இன்னும் ஆரம்பிக்கலையா?"ன்னு கேட்டுச்சு. பிரிச்சு முடிச்சுப் புதுக் கட்டும் பாதி போட்டாச்சு!

இப்ப காயம் ஆறிடுச்சு. கடைசிக் கட்டுல நான் போட்ட அம்புக்குறியைப் பார்த்துட்டு ஆயா கேட்டுச்சு, "என்ன கண்ணு, என் கையில மெரினாவுக்கு வழி போட்டிருக்க?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு நீங்களே வைத்தியம் ஆரம்பிக்காதீங்க, டாக்டரைக் கேட்டுக்கோங்க. ஆனா உங்க வீட்டு ஆயா கையில யாராவது பிளாஸ்திரியோட ஓரத்தைப் பிடிச்சுட்டு "ஒரே செகண்டுதான்"னு சொன்னா, அந்த ஒரே செகண்டுல நீங்க குறுக்க விழுந்துடுங்க.